ஐந்து நொடி ஆட்டமும் திரும்பும் கையும்: மைக்ரோகேம் தொகுப்புக்கு ஓர் அறிமுகம்

கும்பகோணத்தில் எங்கள் தலைமுறைக்கு வீடியோ கேம் என்றால் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒரு பெட்டியும் அதன் தலையில் செருகும் மஞ்சள் கேசட்டும்தான். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் அதே ஏழெட்டு ஆட்டங்கள் வேறு வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும். ஒரே கேசட்டில் பல ஆட்டங்கள் என்றதும் நம் நினைவில் எழுவது அந்த மஞ்சள் கேசட்டாகவே இருப்பதால், 'மினிகேம் தொகுப்பு' என்ற பெயரைக் கேட்கும் புதியவர் அதையும் அந்த வகைச் சரக்கு என்றே எண்ணிவிடுவது இயல்பு. உண்மையில் அது தனக்கென்று ஓர் இலக்கணம் உடைய கலை. அந்த இலக்கணத்தை விளக்க என்னிடம் உள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, நின்டெண்டோ 2004இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் வெளியிட்ட 'வாரியோவேர் ட்விஸ்டட்'.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரிய ஆட்டம் ஒன்றின் இடையில், சற்று இளைப்பாறுவதுபோல் வரும் சிறிய ஆட்டத்தை மினிகேம் என்பார்கள். அத்தகைய சிறிய ஆட்டங்களை மட்டுமே கோத்து ஒரு முழு ஆட்டமாக ஆக்கினால் அது மினிகேம் தொகுப்பு. மைக்ரோகேம் அதைவிடவும் சிறியது; ஏறத்தாழ ஐந்தே நொடியில் தொடங்கி முடிந்துவிடும். திரையில் ஒற்றைச் சொல்லில் ஒரு கட்டளை மின்னும்: 'தாண்டு', 'பிடி', 'தப்பி' என்பதுபோல. அடுத்த கணம் ஒரு படம் தோன்றும். அந்தப் படத்தில் நாம் யார், எதைச் செய்ய வேண்டும், எதைக் கொண்டு செய்ய வேண்டும் என்பதையெல்லாம் நாமே கண்டுபிடித்து, நேரம் தீர்வதற்குள் செய்து முடிக்க வேண்டும். செய்தோமா இல்லையா என்று தெரிவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும். அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இராது.

இந்த வடிவத்தை ஒரு முழுத் தொகுப்பாக முதலில் நிலைநாட்டியது 2003இல் வெளிவந்த 'வாரியோவேர்' முதல் பாகம். நின்டெண்டோவின் ஆர் அண்ட் டி 1 என்ற பிரிவு அதை உருவாக்கியது. ஹிரோஃபுமி மட்சுவோகா இயக்கினார். அதற்கு முன் நின்டெண்டோ 64 கருவியின் டிஸ்க் இணைப்புக்காக வந்த ஒரு முப்பரிமாண ஓவிய மென்பொருளுக்குள் இத்தகைய குட்டி ஆட்டங்கள் ஒரு மூலையில் இருந்தன. அந்த மூலையே பிறகு தனிவீடாயிற்று. பிரிவில் இருந்தவர்கள் தங்களுக்குத் தோன்றிய யோசனைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மட்சுவோகாவின் மேசையில் ஒட்டிவிட்டுப் போவார்களாம். ஆட்டங்களைப் பார்த்தாலே அது தெரியும்: பலருடைய கை, பல விதமான ஓவியம், பல விதமான குறும்பு. இருநூறுக்கும் மேற்பட்ட மைக்ரோகேம்கள் அதில் இருந்தன.

அவற்றில் ஒன்றைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். திரை முழுவதும் ஒரு மூக்கு. கீழே ஒரு கையின் ஆள்காட்டி விரல் இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. விரல் மூக்குத் துளைக்கு நேர் கீழே வரும் கணத்தில் 'ஏ' பட்டனை அழுத்தினால் விரல் உள்ளே போகும், வெற்றி. கணம் தவறினால் விரல் மடங்கிப்போகும், தோல்வி. இவ்வளவுதான் ஆட்டம். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களை நான் அறிவேன். ஆனால் இந்தக் கிறுக்குத்தனத்துக்குத் திட்டவட்டமான காரணம் உண்டு. ஐந்து நொடியில் ஒருவருக்கு ஒரு விதியைக் கற்பிக்க வேண்டுமானால் அந்த விதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். மூக்கும் விரலும், பல்லும் தூரிகையும், விழப்போகும் குவளையும் நீளும் கையும் எந்த மொழிக்காரருக்கும் விளக்கம் தேவைப்படாத படங்கள். சிரிப்பும் வேகமாகப் புரிய வைக்கும் ஒரு கருவிதான். படம் எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு சீக்கிரம் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது.

தொகுப்பின் சட்டகம் எளிமையானது. நான்கு உயிர்கள் தரப்படும். ஒரு மைக்ரோகேமில் தோற்றால் ஓர் உயிர் போகும். சில ஆட்டங்களுக்கு ஒருமுறை வேகம் கூடும். ஒரு பாத்திரத்துக்கு உரிய ஆட்டங்களின் வரிசை ஒரு கட்டம்; ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நேரக் கட்டுப்பாடு தளர்ந்த, சற்று நீண்ட ஓர் ஆட்டம் வரும். அதில் வென்றால் இழந்த உயிர்களில் ஒன்று திரும்பும். ஒவ்வொரு மைக்ரோகேமுக்கும் மூன்று கடின நிலைகள் உண்டு.

இவற்றுள் வேகம் கூடுவதைத்தான் புதியவர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேகம் என்பது தொல்லை கொடுப்பதற்காகச் சேர்த்தது என்று நினைக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்தில் பாட்டு வகுப்புக்குப் போன எவருக்கும் இதை விளக்குவது எளிது. சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் முதல் காலத்தில் பாடும்போது ஒவ்வொரு ஸ்வரத்தையும் நினைத்துப் பாட நமக்கு நேரம் இருக்கிறது. இரண்டாம் காலத்தில் அதே வரிசை, அதே ஸ்வரங்கள். நினைக்கும் நேரம் பாதியாகிவிடுகிறது. மூன்றாம் காலத்தில் நினைத்துப் பாடவே முடியாது. தொண்டைக்குத் தெரிந்திருந்தால்தான் வரும். தாளம் போடும் கை மட்டும் மாறாமல் ஒரே நடையில் போய்க்கொண்டிருக்கும். மைக்ரோகேமிலும் அதுவே நடக்கிறது. முதல் சுற்றில் மூக்கைப் பார்த்து, 'இது என்ன, நான் என்ன செய்ய வேண்டும்' என்று யோசித்துச் செய்கிறோம். வேகம் கூடிய பிறகு யோசிக்க இடமில்லை. படம் கண்ணில் பட்டதும் விரல் நகர்ந்துவிட வேண்டும். ஆக, இந்த ஆட்டத்தில் நாம் உண்மையில் விளையாடுவது புரிந்துகொள்ளும் செயலையே. மற்ற ஆட்டங்களில் தொடக்கப் பாடமாக ஒதுங்கிவிடும் அந்த 'ஓ, இதுவா!' என்ற கணம்தான் இங்கே ஐந்து நொடிக்கு ஒருமுறை மையத்துக்கு வருகிறது.

இத்தனை சொன்ன பிறகும், முதல் பாகத்தில் ஒரு குறை இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கருவியில் திசைப் பட்டனும் 'ஏ' பட்டனும் தனித்தனியே இருக்கின்றன. ஒரு மைக்ரோகேம் திசையை மட்டும் கேட்கும், இன்னொன்று 'ஏ' பட்டனை மட்டும் கேட்கும், மூன்றாவது இரண்டையும் கேட்கும். படம் புரிந்துவிட்டது, செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது, எந்தப் பட்டன் என்பதில் மட்டும் தடுமாறித் தோற்ற ஆட்டங்கள் எனக்கு எத்தனையோ உண்டு. அது புரிதலில் நேர்ந்த தோல்வியன்று. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்ததால் நேர்ந்த தாமதம்.

இரண்டாவது கையடக்கப் பாகமான 'ட்விஸ்டட்' அந்த மொழிபெயர்ப்பாளரை எழுப்பி அனுப்பிவிட்டது. கதையளவில் அதற்குச் சொல்லும் காரணம் வேடிக்கையானது. தொடரின் நாயகனான வாரியோ, ஓர் ஆட்டத்தில் தோற்ற கோபத்தில் தன் கேம்பாயைச் சுவரில் எறிந்துவிடுகிறான். பழுது பார்க்க டாக்டர் கிரைகார் என்ற விஞ்ஞானியிடம் கொண்டுபோனால் அவருடைய இயந்திரம் திசைப் பட்டனே இல்லாத கருவிகளைத் துப்புகிறது. இனி திருப்பித்தான் விளையாட வேண்டும். நம் கையில் உள்ள உண்மையான கருவியில் திசைப் பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் ஆட்டங்களில் அதற்கு வேலை இல்லை. கருவியைக் காரின் ஸ்டியரிங் சக்கரம்போல் இரு கையாலும் பிடித்து இடமாகவோ வலமாகவோ திருப்ப வேண்டும். சில இடங்களில் 'ஏ' பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவே.

கேம்பாய் அட்வான்ஸில் திருப்பத்தை உணரும் உறுப்பு எதுவும் கிடையாது. அது கேசட்டுக்குள் வைத்து அனுப்பப்பட்டது. இந்தக் கேசட் மற்றவற்றைவிடப் பருமனானது. உள்ளே ஒரு கைரோ சென்சாரும், அதிர்வு தரும் சிறிய மோட்டாரும் உண்டு. இந்தச் சென்சார் செய்யும் வேலை புரிந்தால்தான் இந்தப் பாகத்தின் சிறப்பு முழுமையாக விளங்கும் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன்.

அசைவை உணரும் கையடக்க ஆட்டங்கள் அதற்கு முன்பும் வந்திருந்தன. 2000இல் ஜப்பானில் வெளியான கிர்பி ஆட்டம் ஒன்றின் கேசட்டில் சாய்வை உணரும் சென்சார் இருந்தது. சாய்வுச் சென்சாரைப் புரிந்துகொள்ள நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்தால் போதும். அடியில் கனம் வைத்த அந்தப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் பூமி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது மறப்பதில்லை. சாய்வுச் சென்சாருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான்: கீழ்த்திசை எது. உங்கள் கைப்பேசியில் திரை தானாகத் திரும்பும் வசதியை இயக்கிவிட்டு, கைப்பேசியைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துச் சுழற்றிப் பாருங்கள். திரை திரும்பாது. எவ்வளவு சுழற்றினாலும் பூமி அதன் முதுகுப் பக்கமே இருப்பதால் அந்தச் சென்சாருக்கு எதுவும் நடந்ததாகத் தெரிவதில்லை.

கைரோ சென்சார் பூமியைக் கேட்பதில்லை. 'எவ்வளவு வேகமாகத் திரும்புகிறாய்' என்பதை மட்டும் அளக்கிறது. உள்ளே நுண்ணிய உறுப்பு ஒன்று இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். கருவி அசையாதபோது அந்த அதிர்வு நேர்கோட்டில் போய்வரும். கருவியைத் திருப்பினால் அதிர்வு பக்கவாட்டில் சற்று விலகும். விலகல் சிறு மின்னழுத்தமாக வெளிப்படும். வேகமாகத் திருப்பினால் விலகல் கூடும். கணத்துக்குக் கணம் கிடைக்கும் அந்த வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் மொத்தம் எத்தனை பாகை திரும்பியிருக்கிறோம் என்பது கிடைத்துவிடும். அதனால் திண்ணையில் மல்லாந்து படுத்துக்கொண்டு விளையாடினாலும், கருவியைத் தரைக்கு இணையாகக் கிடத்திப் பிடித்தாலும், நிமிர்ந்து உட்கார்ந்து விளையாடுவதுபோலவே அது இயங்கும்.

கூட்டிக்கொண்டே போவதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு அளவிலும் மிகச் சிறிய பிழை இருந்தாலும், அந்தப் பிழைகளும் சேர்ந்து கூடிக்கொண்டே வரும். நேரம் போகப் போக, நேராகப் பிடித்திருக்கும் கருவியைச் சற்றுத் திரும்பியிருப்பதாகவே அது நம்பத் தொடங்கிவிடும். கடைக்காரர் ஒவ்வொரு பில்லிலும் சில்லறையை விட்டுக்கொண்டே வந்தால் மாதக் கடைசியில் கணக்கு உதைப்பதுபோல. இதற்கு இந்த ஆட்டம் கண்ட தீர்வு, கருவியை இயக்கும்போதும் ஒவ்வொரு மைக்ரோகேமின் தொடக்கத்திலும் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்குவது. ஐந்து நொடிக்குள் பெரும்பிழை சேர வாய்ப்பில்லை. நீண்ட ஆட்டத்துக்குத் தொல்லையாக இருக்கக்கூடிய ஒரு சென்சார், குட்டி ஆட்டங்களின் வடிவத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திப்போனது. வடிவமும் கருவியும் ஒன்றையொன்று தேடிவந்து சேர்ந்தது போன்ற இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி ஏற்படுகிறது.

சென்சார் பூமியைக் கேட்பதில்லை என்பதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, பேருந்தில் கற்றேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில், கருவியை மடிமேல் ஏறக்குறையக் கிடையாகப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். பாபநாசத்தைத் தாண்டி ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது என் கை அசையவே இல்லை. திரையில் இருந்த உருவம் தானாக ஒரு பக்கம் சரிந்து ஓடியது. சிறிது நேரம் கேசட் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். அடுத்த வளைவில் பஸ் மறுபக்கம் திரும்ப, உருவமும் மறுபக்கம் சரிந்ததும் காரணம் பிடிபட்டது. திரும்பியது பஸ், பஸ்ஸோடு நான், என்னோடு கருவி. சென்சாருக்கு யார் திருப்பினார்கள் என்பது பொருட்டில்லை, திரும்பியது என்பதே செய்தி. அன்றிலிருந்து பஸ்ஸில் கருவியை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து விளையாடப் பழகிக்கொண்டேன். அப்படிப் பிடித்தால் வளைவின் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்து அதிர்வு. விளையாடாதவர்கள் இதை அலங்காரம் என்று நினைக்கக்கூடும். நானோ இந்தப் பாகத்தின் பாதி வெற்றி இதில் இருக்கிறது என்பேன். வாய்க்கால் தலைப்பில் மதகு ஷட்டரைத் திருகித் திறந்தவர்களுக்கு ஓர் அனுபவம் தெரிந்திருக்கும். பலகை தண்ணீருக்குள் இருப்பதால் எவ்வளவு தூக்கியிருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. திருகுமரை ஒவ்வொரு சுற்றுக்கும் கையில் கொடுக்கும் கடகடப்பை வைத்துத்தான் 'இன்னும் அரைச் சுற்று' என்று கணக்குப் பார்ப்போம். 'ட்விஸ்டட்' விளையாட்டிலும் கருவியைத் திருப்பத் திருப்ப மோட்டார் பல்சக்கரம் உருள்வதுபோல் சிறு சிறு துடிப்புகளைக் கைக்கு அனுப்புகிறது. காற்றில் திருப்புகிறோம் என்பதை விரல்கள் மறந்துவிடுகின்றன. ஏதோ ஓர் உண்மையான பொருளைத் திருகுவதாகவே அவை எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு திருப்பினோம் என்பதைத் திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய தேவை குறைவதால், ஐந்து நொடியில் ஒரு பகுதி நமக்கு மிச்சமாகிறது.

இனி, இது முந்தையதைவிட எவ்விதத்தில் மேம்பட்டது என்ற கேள்விக்கு வரலாம். எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. இதிலும் இருநூறுக்கும் சற்று அதிகமான மைக்ரோகேம்கள்தான். நான்கு உயிர், கூடும் வேகம், கட்ட முடிவில் நீண்ட ஆட்டம் என்ற சட்டகமும் அப்படியே இருக்கிறது. மாறியது உள்ளீடு ஒன்றே. ஆனால் அந்த ஒரு மாற்றம் புதுப்புது ஆட்டங்களைப் பெற்றுப்போட்டது. லேசாகச் சாய்த்துச் சமநிலை காக்கும் ஆட்டங்கள் ஒரு பாத்திரத்தின் கட்டத்தில். கருவியைத் தலைகீழாகும் அளவுக்குச் சுழற்றச் சொல்லும் ஆட்டங்கள் இன்னொரு கட்டத்தில். கேட், ஆனா என்ற நிஞ்ஜா சிறுமியர் இருவரின் கட்டத்தில் மட்டும் திருப்பலுக்கு ஓய்வு கொடுத்து 'ஏ' பட்டனை வைத்தே ஆட்டங்கள். 9-வோல்ட் என்ற சிறுவனின் கட்டத்தில் நின்டெண்டோவின் பழைய ஆட்டங்கள் திருப்பி ஆடும்படி உருமாறி வரும். முதல் பாகத்தின் ஆட்டங்களையே சென்சாருக்கு ஏற்ப ஒட்டுப்போட்டுத் தந்திருந்தால் ஒரு வாரத்தில் சலித்திருக்கும். இயக்குநர் கோரோ அபேவும் குழுவினரும் 'திரும்புதல்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்டு, அதை எத்தனை விதமாக அர்த்தப்படுத்தலாம் என்று தேடியிருக்கிறார்கள். திருகுதல், உருட்டுதல், ஆட்டுதல், சாய்த்துக் கொட்டுதல், வளைத்து ஓட்டுதல் என்று தமிழில் நாம் தனித்தனி வினைகளாகச் சொல்பவை எல்லாம் அங்கே ஒரே கை அசைவுக்குள் அடங்குகின்றன.

என் அக்கா மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது இதை அவள் கையில் கொடுத்தேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஒருவர் கொண்டுவந்து தந்த கருவி அது. முதல் பாகத்தை அவளிடம் கொடுத்தபோது இரண்டு நிமிடத்தில் 'மாமா, எந்தப் பட்டன அழுத்தணும்?' என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். 'ட்விஸ்டட்' விஷயத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. கட்டளையாக வந்த ஆங்கிலச் சொற்களை அவள் படித்ததாகவும் தெரியவில்லை. படம் சாய்ந்தால் கை மறுபக்கம் சாய்ந்தது. ஏதாவது உருள வேண்டியிருந்தால் கை உருட்டியது. சுழற்றச் சொல்லும் ஆட்டம் வந்தபோது கருவியோடு சேர்ந்து அவளே திண்ணையில் பாதிவட்டம் சுற்றி, முழங்கையைத் தூணில் இடித்துக்கொண்டாள். வலியைத் தேய்த்துவிட்டபடியே அடுத்த ஆட்டத்தைத் தொடர்ந்தாள். கண்ணுக்கும் கைக்கும் நடுவில் யாரும் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

ஆட்டங்களை முடிக்க முடிக்கப் பரிசுப் பொருள்களும் சேரும். நூற்றுக்கும் மேற்பட்டவை உண்டு. அவற்றில் பல வெற்றி தோல்வி இல்லாத பொம்மைகள். கருவியைத் திருப்பி இசைப்பதற்கும், ஆட்டிப் பார்ப்பதற்கும், கிறுக்கி வரைவதற்கும் உரியவை. அவசர ஆட்டங்களின் நடுவே அவசரமில்லாத இந்தப் பொம்மைகளைச் சேர்த்திருப்பது மிக நல்ல முடிவு. ஐந்து நொடியில் ஓடிப்போகும் ஓர் அசைவை நிதானமாகச் சுவைக்க அவை இடம் தருகின்றன.

குறைகளும் உண்டு. கேசட்டைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டியில் செருகி ஆட இது ஏற்றதன்று. பெட்டியையே தூக்கித் திருப்ப வேண்டியிருக்கும். கருவியைத் தலைகீழாகத் திருப்பும்போது திரையும் நம் கண்ணைவிட்டு விலகுவதால், சில ஆட்டங்களில் கழுத்தும் கூடவே திரும்ப வேண்டியிருக்கிறது. வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2005இல் வெளியான இந்த ஆட்டம் ஐரோப்பாவில் வெளியாகவே இல்லை. அதனால் பழைய கேசட்டைத் தேடிப் பிடிப்பது சற்றுச் சிரமம். கேம்பாய் கேசட்டுகளுக்கு நாட்டுத் தடை கிடையாது என்பதால் ஜப்பானியக் கேசட்டும் எந்த நாட்டுக் கேம்பாய் அட்வான்ஸிலும் ஓடும்; கட்டளைகள் ஒற்றைச் சொற்கள்தாம், படமே பெரும்பாலும் வழிகாட்டிவிடும்.

இதே தொடர் பின்னர் தொடுதிரைக் கருவிக்கும், கையில் பிடித்து அசைக்கும் ரிமோட் கொண்ட 'வீ' கருவிக்கும் போயிற்று. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வினையை எடுத்துக்கொண்டது. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் பாகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டு மைக்ரோகேம் என்ற வடிவத்தைப் பழகிக்கொண்டு, பிறகு 'ட்விஸ்டட்' பக்கம் வருவதே நல்லது. பட்டனைத் தேடித் தடுமாறிய விரலுக்குத்தான் பட்டன் இல்லாத சுகம் தெரியும். கேசட்டைச் செருகிக் கருவியை இயக்கும் அந்த முதல் சில நொடிகளுக்கு அதை மடியிலோ தரையிலோ அசையாமல் வைத்திருங்கள். பூஜ்யம் எது என்பதை அப்போதுதான் அது கணக்கிட்டுக்கொள்கிறது. இரண்டு முழங்கைக்கும் இடம் இருக்கும்படி, தூணுக்கு எட்டாத தொலைவில் உட்காருங்கள்.